மாகறலில் நான் தொலைந்துபோன அமாவாசை

போன வாரம் என் பையன் ஒரு திட்டத்தோடு வந்தான். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடலாம். கடலோரமாக ஓர் இடம். பிள்ளைகளுக்கு நீச்சல் தொட்டி, பெரியவர்களுக்குச் சாய்வு நாற்காலி. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "நீயும் வர்றப்பா. ஆனா ஒரு கண்டிஷன். வேன்ல யாரையும் எண்ணக்கூடாது" என்றான்.

நியாயமான நிபந்தனைதான். வெளியூர் கிளம்பிவிட்டால் நான் தலை எண்ணுவேன். டீ குடிக்க நிறுத்தினால் எண்ணுவேன். எல்லாரும் தூங்கினால் தூங்குகிறவர்களை எண்ணுவேன். ஒருமுறை என்னை விட்டுவிட்டு எண்ணி, ஒரு ஆள் குறைகிறதென்று செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி என்னையே தேடியிருக்கிறேன். என் வயதொத்தவர்களே, நீங்கள் சிரிக்கலாம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் வியாதிக்கு ஒரு ஊர் இருக்கிறது. அதன் பேர் மாகறல்.

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்று நூலைத் தொடமாட்டார்கள். முதல் நாள் வரைக்கும் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்த பிள்ளையார்பாளையம், அமாவாசைக் காலையில் காது அடைத்த மாதிரிக் கிடக்கும். பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் தறிக்காரர் வீட்டுப் பையன் அன்றைக்கு வரமாட்டான் என்று வாத்தியாருக்கும் தெரியும். ஆகவே ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால், எங்களுக்கு நிலா இல்லாத நாள். பொழுது விடிவதற்குள் அம்மா புளிச்சோறு கட்டிவிடுவாள். பித்தளைக் கூஜாவில் தண்ணீர், ஒரு ஜமக்காளம், அப்பா, அம்மா, நான், தங்கை. காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்புகிற தூரம்தான் போவோம்.

பெரும்பாலும் பாலாறு. ஈர மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். அது தெளியும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதே ஒரு பெரிய வேலை. மாம்பழக் காலத்தில் முசரவாக்கம், அத்தை வீடு. அங்கே சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் மரத்தடியில் படுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. ஒரு தடவை சும்மா இருக்க முடியாமல் அத்தை வீட்டுக் கயிற்றுக் கட்டிலை முழுக்க அவிழ்த்துத் திரும்பப் பின்னிக் கொடுத்துவிட்டு வந்தார். "எங்கண்ணன் விருந்தாடியா வந்தாரா, கூலிக்கு வந்தாரா" என்று அத்தை அதை நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவந்தது ஒரு தை அமாவாசை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு உயிரை வாங்கிய வருஷம். தங்கைக்கு இன்னும் பள்ளிக்கூடம் இல்லை. அதற்கு முந்தைய அமாவாசையன்று அவள் பாலாற்று மணலில் யாரோ ஒரு குடும்பத்தோடு போய் உட்கார்ந்துகொண்டு அவர்கள் தயிர்ச்சோற்றில் பாதியைத் தின்றிருந்தாள். மாகறலிலோ தை அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். கோயிலுக்குப் பக்கத்திலேயே செய்யாறு. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அம்மா சொன்னாள், "இவன் தங்கச்சி கைய எங்க புடிச்சிக்கப் போறான். பராக்கு பாத்துக்கினு நிப்பான். ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிடுங்க."

அப்பாவின் பையில் எப்போதும் கழிவுப் பட்டு இருக்கும். அரக்கு நிறத்தில் நாலைந்து இழைகளைச் சேர்த்து முறுக்கி இரண்டு கயிறு செய்தார். ஒன்றை என் அரைஞாண் கயிற்றில் மாட்டினார், இன்னொன்றைத் தங்கையின் அரைஞாணில். இரண்டு நுனிகளையும் நடுவில் சேர்க்க வேண்டும். தறியில் இழை அறுந்தால் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார். நுனிகளை ஒன்றோடொன்று படுக்க வைத்து, நெற்றித் திருநீற்றில் விரலைத் தொட்டு, கட்டைவிரலால் ஒரு உருட்டு. அதற்குப் பிணைச்சல் என்று பேர். முடிச்சே இருக்காது, இழுத்தால் வராது.

"முடிச்சா போடுங்க" என்றாள் அம்மா.

"பட்டுல முடிச்சா? அது என் கையால வராது."

"இது பொடவ இல்லீங்க. புள்ளைங்க."

"ஒரு பாவுல எத்தினி ஆயிரம் இழைய இப்படிப் புடிச்சி நிறுத்தியிருக்கேன். ஒண்ணு அவுந்துதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அம்மா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பிணைச்சலைத் தறி இழுப்பது ஒரே சீராக இழுப்பது. ஒரு பெண்குழந்தை இழுப்பது அப்படி அல்ல. நிற்கும், உட்காரும், சுற்றும், திடீரென்று எதையோ பார்த்து ஓடும். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கயிறு எனக்கு அவமானமாக மட்டும் இருந்தது, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

ஜமக்காளத்தை ஒரு புளியமரத்தடியில் விரித்து, கூஜாவை எங்கள் காவலில் வைத்துவிட்டு, அப்பா ஐயரிடம் வரிசையில் நிற்க ஆற்றுக்குப் போனார். அம்மா அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போனாள். அந்தக் கோயில் சாமி முதலில் பொன் உடும்பாக வந்தவர் என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். தங்கையை அதுவே பிடித்துக்கொண்டது.

"உடும்பு எப்போ வரும்?"

"சாப்ட்டுட்டு வரும்" என்றேன்.

"இன்னா சாப்டும்?"

"கேள்வி கேக்குற பொண்ணுங்கள."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் அந்தப் பக்கம் பம்பாய் மிட்டாய்க்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் கழியின் உச்சியிலிருந்து ரோஜா நிறப் பாகை இழுத்து, ஒரு பையன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் செய்துகொண்டிருந்தான். முள்ளெல்லாம் வைத்தான். அந்தப் பையன் நக்கலாமா வேண்டாமா என்று தவித்த தவிப்பை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினேன். என் கயிறு ஜமக்காளத்தில் கிடந்தது. அதன் மறுநுனியில் யாரும் இல்லை.

இனி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கயிற்றை இழுத்தேன், தங்கை எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் அதில் மாட்டியிருப்பாள் என்பது போல. அப்புறம் கூஜாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு எழுந்து ஆற்றை நோக்கி ஓடினேன். ஓரத்துத் தண்ணீரில் தடதடவென்று இறங்கி ஏறி, கூட்டத்துக்கு நடுவில் நின்று, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன். தங்கச்சியைக் காணோம் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் காணாம போயிட்டேன்."

சொன்னதும் ஜனங்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்மேல் அன்பு காட்டியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு வளையல்காரம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரோ முறுக்குக் கொடுத்தார்கள். இன்னொருவர் ஒரு கரும்புத் துண்டைக் கையில் திணித்தார். "இல்ல, தங்கச்சி, தங்கச்சி" என்று நான் அழ, "வருவா, உன் தங்கச்சி, உங்கம்மா, எல்லாரும் வருவாங்க. முதல்ல நீ அழாத நைனா" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துவிட்டார். கரும்பைத் தின்றுகொண்டே அழுதேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் காலியாக இருக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை.

என்னை மைக் செட்காரரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா பேரு இன்னாப்பா?"

நான் விக்கினேன்.

"சரி வுடு, பயந்துக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டு ஊதினார். "காக்கி டவுசர் போட்டுக்கினு, இடுப்புல அரக்கு கலர் கயிறு கட்டின பையன் இங்க பத்திரமா இருக்கான். பெத்தவங்க அவசரப்படாம வந்து கூட்டிக்கினு போகவும்."

அவசரப்படாமல். பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் அதை ஆற்றின் அக்கரை வரைக்கும் சொன்னது. எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தி, உங்க பையனா என்று கேட்டிருக்கிறார். "என் பையன்தான் சாமி. பொண்ணும் கூடத்தான் இருக்கும். ஒண்ணா பிணைச்சித்தான் வுட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க" என்று அப்பா கையை நீட்டியிருக்கிறார். பையன் கிடைத்தால் பெண்ணும் கிடைத்த மாதிரி. அவர் அதை நம்பினார். தன் தாத்தாவரைக்கும் நிதானமாகத் தண்ணீர் விட்டு முடித்தார்.

அம்மாதான் முதலில் வந்தாள். குங்குமம் கொட்டிய தட்டோடு ஓடிவந்தவள், என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"பாப்பா எங்கடா?"

நான் கயிற்றின் நுனியைத் தூக்கிக் காட்டினேன்.

அப்பா அப்புறம் வந்தார். அம்மா அந்த நுனியை அவர் கையில் கொடுத்தாள். அவர் குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலால் நீவினார்.

"அறுக்கல. அவுந்திருக்குது."

"அத இப்ப யாரு கேட்டாங்க?"

"ஈரமா இருக்குது" என்றார் அப்பா. "காஞ்ச பிணைச்சல் அவுழாது. தண்ணியில போனாத்தான் அவுழும்."

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார். நான் ஆற்றோரம் ஓடியபோது கயிறு எனக்குப் பின்னால் தண்ணீரில் இழுபட்டு நனைந்திருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது ஒரு சேதி என்று எனக்கும் தெரியாது. அப்பாவின் கைக்கு அந்த நுனி சொன்னதில் சந்தேகமே இல்லை. செய்யாற்றில் அன்றைக்கு முழங்கால் அளவுதான் ஓட்டம். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருந்தன. அங்கே ஆள் முழுகும்.

அம்மா அதற்குள் கண்ணில் பட்டவரிடமெல்லாம் பாப்பாவின் அடையாளம் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலை விற்கிறவர் ஒருவர் வந்து, சிவப்புப் பாவாடை கட்டிய பெண்குழந்தையா, அப்படி ஒன்று பிள்ளைகளோடு பிள்ளையாகக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்.

"யார் வூட்டுக் குழந்தையோ" என்றார் அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"அவ தண்ணிக்குப் போவ மாட்டா. தலைக்கு ஊத்துறதுக்கே தெருவக் கூட்டுறவ. பஸ்ஸுலதான் போயிருக்கா, வாங்க" என்றாள் அம்மா.

"இல்லன்னா? நாம பஸ்ல போனப்புறம் இங்க இருந்தான்னா?"

அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஆத்துல புள்ளயத் தேட மாட்டாங்க" என்றாள். "பொணத்தத்தான் தேடுவாங்க. எம் பொண்ணு அங்க இல்ல."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாலைந்து ஆட்கள் கூட இறங்கினார்கள். மைக் செட்காரர் இப்போதுதான் பெண்குழந்தை காணவில்லை என்று ஊதினார். கேட்க வேண்டியவர்கள் ஏறிய பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அம்மா என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஜமக்காளமும் புளிச்சோறும் கூஜாவும் மரத்தடியிலேயே கிடந்தன. அந்தக் கூஜாவைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு யாரும் பேசியதில்லை.

வழிநெடுக அவள் என் இடுப்புக் கயிற்றை விடவில்லை. பஸ் நின்ற ஊரிலெல்லாம் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தாள். நான் உடும்புச் சாமியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். தங்கையைக் கொடுத்துவிட்டால் என் பம்பரத்தைத் தருகிறேன் என்றேன். சாமி மசியவில்லை. சாட்டையையும் சேர்த்தேன். ஓரிக்கை தாண்டுவதற்குள் என் சொத்து முழுவதும் அவரிடம் போய்விட்டது. அப்புறம் கொடுக்க ஒன்றும் இல்லாமல், வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் படிக்கிறேன் என்றேன். அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள். "பசி தாங்க மாட்டா" என்றாள், என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

எங்கள் தெருமுனையில் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம். வாசலில் கூட்டம் என்றால் ஒன்று நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. அம்மாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு நடுவில், முன்பின் பார்த்திராத ஒரு அம்மாளின் இடுப்பில், வாயெல்லாம் வெல்லமாக என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். ஊரில் வேறு மூலையில் தறி. அவர்களும் அமாவாசைக்கு மாகறல் வந்தவர்கள்தான்.

"எங்க பசங்களோடயே பஸ் ஏறிடுச்சி அம்மா" என்றார் அந்த அம்மாள். "பாதி வழில எண்ணிப் பாத்தா ஒண்ணு ஜாஸ்தி. பேரு ஏமின்னா பாப்பான்னுது. அப்பா பேரு இன்னான்னா அப்பான்னுது. இடுப்புல பட்டுக் கயிறு தொங்குது. சரி, நம்ம தறிக்காரங்க குழந்தைதான், ஊர்ல வச்சே தேடிக்கலாம்னு கூட்டிக்கினு வந்துட்டோம்." அவர் வீட்டுக்காரர் அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு சாயம் போடுகிறவரிடம் போய், இந்த அரக்கு இப்போது யார் தறியில் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார். சாயக்காரர் எங்கள் தெருவைக் காட்டியிருக்கிறார்.

அம்மா தங்கையை வாங்கி உச்சியை முகர்ந்தாள். அழவில்லை. அந்த அம்மாளின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் தம்பியைத் தேடினாள். எங்கள் மாமாவுக்கு அடுத்த தெரு, சைக்கிள் உண்டு.

"சீக்கிரம் போடா. அங்க ஆத்துல எறங்கிக்கினு இருக்காரு."

மாமா போனார். அம்மா அடுப்பை மூட்டினாள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து விசாரிக்க, எல்லாரிடமும் "நான் சொன்னேன், அவ பஸ்ஸுலதான் போயிருப்பான்னு. கேக்கல அவரு" என்று சொன்னாள். முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பொழுது சாயச் சாய அந்த வாக்கியத்தில் சந்தோஷம் குறைந்துகொண்டே வந்தது.

விளக்கு வைத்தபின் சைக்கிள் வந்தது. அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. திருநீறு போயிருந்தது. வேட்டியைப் பிழியக்கூட இல்லை. காலையில் குளித்த தலை, அவர் எங்களைத் தேடி வந்தபோதே காய்ந்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் இறங்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றார். ஈர வேட்டியோடு, தலை நனைந்து, நிலைப்படியைத் தாண்டாமல் நிற்கிறவர்கள் எங்கிருந்து வருகிறவர்கள் என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா அவர் தலையைப் பார்த்தாள்.

"முழுகிட்டு வந்துட்டீங்களா" என்றாள். "அவ உசிரோட இருக்குறப்பவே."

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா அவர் தோளில் கையை வைத்தார். மாமா மூடிக்கொண்டார்.

அந்த வாய் மறுபடி திறந்தது எவ்வளவோ வருஷம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், என்னிடம். "உங்கப்பா எங்கடா முழுகினாரு" என்றார் மாமா. "நான் போறப்போ கழுத்தளவுத் தண்ணியில, மணல் பள்ளத்துல நின்னுக்கினு இருந்தாரு. கூட எறங்கின ஆளுங்க எல்லாம் கரையேறிட்டாங்க. இவரு மட்டும் காலாலயே அடியத் துழாவிக்கினு இருக்காரு, தறி மிதிக்கிற மாதிரி. ஒரு பள்ளம் முடிச்சா அடுத்த பள்ளம். ஆழத்துல கால் எட்டலன்னா தலையும் உள்ள போயிட்டு வரும். பாப்பா வூட்ல இருக்குதுங்கறேன், நம்பவே இல்ல. என்னை வெளிய இழுக்கத்தான் பொய் சொல்றன்னாரு. பாதி வழிக்கு மேலதான் நம்பினாரு. அப்புறம், அக்காகிட்ட எதுவும் சொல்லாதன்னாரு. என் பிணைச்சல்தானே அவுந்துது, அவ எது வேணா சொல்லட்டும், கேட்டுக்கிறேன்னாரு."

கேட்டுக்கொண்டார். ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டார். அப்பா தேடுவதை விட்டுவிட்டுப் பெண்ணைத் தலைமுழுகி வந்தவர் என்றே அம்மா நினைத்தாள். அதற்குப் பிறகு அமாவாசைகளில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. தறியும் ஓடாது, பேச்சும் ஓடாது. மாமா இதை எனக்குச் சொன்னபோது அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? மண்டப வாசலில் நின்று சிரித்துவிட்டேன். எனக்கு எது வர வேண்டிய இடத்தில் எது வரும் என்று உங்களுக்குத் தெரியுமே.

ஆனால் அந்தச் சாயங்காலம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அம்மா துண்டை எடுத்துத் தரவில்லை. கொடியில் கிடந்ததைக் கண்ணால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா சைக்கிளை எதற்கோ துடைத்துக்கொண்டிருந்தார். தங்கைதான் ஓடிப்போய் நிலைப்படியில் நின்றாள். அவள் அன்றைக்குத் தொலையவே இல்லை. எங்கள் நாலு பேரில் வெளியூர் போய்ச் சந்தோஷமாகத் திரும்பியவள் அவள் ஒருத்திதான்.

"அப்பா, அந்த அம்மா வூட்ல ஊஞ்ச இருக்குது" என்றாள். "இரும்புச் சங்கிலி. நான் ஆடினேன். அடுத்த அமாவாசைக்கு அங்க போலாமா?"

"போலாம்மா" என்றார் அப்பா. வெளியில் நின்றபடியே சொன்னார்.